சந்தியாப்பிள்ளையின் பேர்

சூசைப்பிள்ளை மூப்பர் எவரையும் இலேசில் நம்புகிற ஆள் அல்ல. முத்தையன்கட்டுக் குடியேற்றத்திலிருந்து இளையதம்பி மாட்டுவண்டிலில் அரிசி கொண்டுவந்து கருவாட்டுக்கு மாற்றிக்கொண்டு போவார். இரண்டு பேருக்கும் நீண்ட நாள் பழக்கம், பெண் கொடுத்து எடுக்காத குறைதான். இருந்தும் சாக்குக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியரிசியைக் கிள்ளிப் பார்க்காமல் மூப்பர் ஒரு வாளைக் கருவாடு கொடுத்ததில்லை. வீட்டில் மனைவி அற்புதம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தால், "சீனி போட்டனியோ" என்று கேட்பார். போட்டேன் என்று அவள் சொன்ன பிறகும் ஒரு முடறு குடித்துப் பார்த்துத்தான் தலையாட்டுவார்.

"மோட்சத்திலிருந்து உங்களுக்கு ஒரு சம்மனசு இறங்கி வந்து சேதி சொன்னாலும், சாட்சிக்கு இன்னொரு சம்மனசு வேணும்" என்பாள் அற்புதம். கலியாணம் கட்டிய நாள் முதலாகக் கேட்ட பேச்சு என்பதால் அவருக்கு அது உறைப்பதில்லை.

முள்ளிவாய்க்காலுக்குத் தெற்கே, ஒரு பக்கம் நந்திக்கடலும் மறு பக்கம் பெருங்கடலும் நெருக்க, நடுவில் ஒடுங்கிக் கிடந்த மணல் திட்டியில் அவர்களுடைய குடியிருப்பு. கிடுகுக் கூரையும் மண்சுவருமாக ஒரு அந்தோனியார் கோயில். சுவாமியார் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பூசைக்கு வருவார். மற்ற நாட்களில் மணி அடிப்பது, செபமாலை சொல்லிக் கொடுப்பது, செத்தவர்களுக்கு மன்றாடுவது எல்லாம் மூப்பருடைய பாடு. அந்தக் கரையில் மூப்பர் என்றால் கோயிலுக்குக் காவல், சனத்துக்குத் தலை, சுவாமியாருக்குக் கைப்பிடி.

அவருடைய மதிப்பெல்லாம் இலத்தீனில் இருந்தது. வாலிபத்தில் ஒரு பிரெஞ்சுச் சுவாமியார் சொல்லச் சொல்லக் காதால் கேட்டுப் பாடமாக்கியது. ஒரு சொல்லுக்கும் அவருக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் சுவாமியார் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடத்தில் நின்று "தோமினுஸ் வோபிஸ்கும்" என்று சொன்னதும், படியில் முழந்தாளிட்டிருக்கும் மூப்பர் "எத் கும் ஸ்பீரித்து துவோ" என்று எடுத்து விடுவார் பாருங்கள், வலை இழுத்துக் களைத்து வந்து தூங்கி விழுகிறவனும் நிமிர்ந்து உட்காருவான்.

அதனால்தான் பேர் கொடுக்கும் வழக்கம் வந்தது. கடவுளுக்கு விளங்குகிற பாஷை இலத்தீன், கரையில் அது தெரிந்தவர் மூப்பர் ஒருவர், ஆகவே கேட்க வேண்டியதை மூப்பரிடம் கொடுத்துவிட்டால் அவர் அதை இலத்தீனில் கோர்த்து மேலே அனுப்பிவிடுவார் என்று சனம் நம்பியது. பூசைக்கு முதல்நாள் பின்னேரம் அவருடைய முற்றத்துக்கு ஒவ்வொருவராக வருவார்கள். பிள்ளைக்குக் குலைப்பன் காய்ச்சல், மருமகளுக்குப் பிள்ளை உண்டாகி வயிறு திறக்கவில்லை, வலையில் மீன் விழவில்லை. சொல்லிவிட்டு, கறிக்கு இரண்டு மீனை ஓலையில் சுற்றி வைத்துவிட்டுப் போவார்கள். தாங்களாக வாய் திறந்து கேட்பது என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்ததில்லை. கோயிலில் அவர்கள் செய்ததெல்லாம் முழந்தாளிடுவது, நெஞ்சில் தட்டுவது, வாய்க்குள் முணுமுணுப்பது.

மூப்பர் அந்தப் பேர்களை ஏமாற்றவில்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பேருக்கும், வலையின் கிழிசலைப் பொத்துகிற நூலில் ஒரு முடிச்சுப் போட்டு அரையில் செருகிக்கொள்வார். பூசை நடுவில் சுவாமியார் சத்தமில்லாமல் செபிக்கிற இடம் ஒன்று உண்டு. கோயிலே மூச்சுவிடாமல் இருக்கும் அந்த நேரத்தில், விரலால் முடிச்சுகளைத் தடவித் தடவி ஒவ்வொரு பேராகச் சொல்லுவார். இலத்தீனிலா? அவருக்கு அதற்கெல்லாம் இலத்தீன் எங்கே தெரியும். "ஆண்டவரே, சீமாம்பிள்ளையின்ரை கடைக்குட்டி, காய்ச்சல், பாத்துக்கொள்ளும்" என்று பச்சைத் தமிழில்தான். சுவாமியாருக்கும் கேட்கக்கூடாது, சனத்துக்கும் கேட்கக்கூடாது என்று உதடு அசையாமல் சொல்லுவார். தமிழில் சொல்லுகிறார் என்று தெரிந்தால் சனம் என்ன நினைக்கும் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. காரியம் நடந்தால் முடிச்சை அவிழ்ப்பார். நடக்காவிட்டால் அடுத்த பூசைக்கும் சொல்லுவார்.

அவிழ்க்காமல் கிடந்த முடிச்சு ஒன்று உண்டு. அது சந்தியாப்பிள்ளையினுடையது. ஒன்பது வருசத்துக்கு முன்பு கொக்கிளாய்ப் பக்கம் தொழிலுக்குப் போனவன், கச்சான் காற்றில் அகப்பட்டு வள்ளத்தோடு காணாமற்போனான். அவனுடைய பெண்சாதி புனிதம் மார்கழி வரைக்கும் ஒவ்வொரு பூசைக்கும் வந்து அவன் பேரைக் கொடுத்தாள். பிறகு வருவதை விட்டுவிட்டாள். கோயிலுக்கு மட்டும் வருவாள், முழந்தாளிடுவாள், உதட்டைப் பூட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் விட்டாலும் மூப்பர் விடவில்லை. உடல் கரைக்கு வராதவனைச் செத்தவன் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? ஒன்பது வருசமாக, மற்றப் பேர்கள் முடிந்த பிறகு, கடைசி முடிச்சில் விரல் வைத்து "சந்தியாப்பிள்ளை, கடலிலை" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அதை அற்புதத்தைத் தவிர வேறு எவரும் அறியார்.

அப்படியிருக்க, அறுபத்தாறாம் ஆண்டு புதுச் சுவாமியார் வந்தார்.

பிலேந்திரன் சுவாமியார் யாழ்ப்பாணத்துப் பெடியன், மீசை அரும்பி ஓய்ந்த வயசு. மோட்டார் சைக்கிளில் மணலைக் கிளப்பிக்கொண்டு வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாகச் சுவரோடு இருந்த பீடத்துக்கு முன்னால் ஒரு மேசையைப் போடச் சொன்னார். இனிச் சுவாமியார் சனத்தைப் பார்த்து நிற்பாராம். பூசை தமிழிலாம். உரோமாபுரியிலேயே அப்படித் தீர்மானித்துவிட்டார்களாம்.

மூப்பருக்கு உடனே சந்தேகம் பிடித்தது. இந்த ஆள் உண்மையில் சுவாமியார்தானா, அல்லது பதிதர் கூட்டம் அனுப்பிய ஆளா? புரட்டஸ்தாந்துக்காரரைப் பதிதர் என்று சொல்லித்தான் அந்தக் கரையில் பழக்கம். அவர்கள்தான் மேசை போட்டுத் தமிழில் ஆராதனை வைப்பார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். சோதிக்காமல் விடக்கூடாது என்று ஒரு வெள்ளிக்கிழமை அற்புதத்தைக் கொண்டு கோழிக்கறி ஆக்குவித்து, முல்லைத்தீவில் சுவாமியார் தங்கியிருந்த அறைவீட்டுக்குத் தானே தூக்கிக்கொண்டு போனார். உண்மையான கத்தோலிக்கச் சுவாமியார் வெள்ளியில் இறைச்சி தொடமாட்டார், தின்றால் ஆள் பிடிபட்டுவிடுவார். சுவாமியார் மூடியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "வெள்ளிக்கிழமையெல்லோ மூப்பர், நாளைக்குச் சூடாக்கிச் சாப்பிடுறன்" என்று மூடி வைத்தார். வேறு ஆளாயிருந்தால் அத்தோடு நம்பியிருப்பான். மூப்பர் திரும்பி வரும் வழியெல்லாம், தான் சோதிக்க வந்ததை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

முதல் தமிழ்ப் பூசைக்குச் சனம் வந்தது, ஆனால் வேடிக்கை பார்க்கிற சனம்தான். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சுவாமியார் சொன்னார். சனம் மூப்பரைப் பார்த்தது. மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாளைப் பார்த்து, "உமது ஆன்மாவோடும் இருப்பாராக" என்றார். இவ்வளவு காலமும் கூரையைக் கிளப்பிய பதில் இவ்வளவுதானா என்பது போல முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எல்லாரும் சொல்லுங்கோ" என்றார் சுவாமியார். "கடற்கரையிலை வலை இழுக்கேக்கை உங்கடை சத்தம் முல்லைத்தீவு வரைக்கும் கேக்குது. இஞ்சை வந்தா ஏன் பூனைக்குட்டி மாதிரி? தகப்பனிட்டைக் கேக்கிற பிள்ளை வாய்க்குள்ளையோ கேக்கும்?" சனம் இன்னும் கொஞ்சம் மெதுவாக முணுமுணுத்தது. வெட்கம் ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம்.

பிரசங்கம் முடிந்ததும் மன்றாட்டு என்று புதிதாக ஒன்று வந்தது. யாரும் எழும்பித் தன் மனசில் உள்ளதைத் தன் வாயாலே கேட்கலாம். கேட்டதும் மற்ற எல்லாரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்ல வேண்டும். சுவாமியார் கையை விரித்துக்கொண்டு காத்து நின்றார். எவரும் அசையவில்லை. ஒரு குழந்தை இருமியது. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி, "நாங்கள் எங்கடை பேர்களை மூப்பரிட்டைக் குடுத்திட்டம் சுவாமி" என்றாள்.

"மூப்பர் எப்ப சொல்லுவார்?" என்று சுவாமியார் கேட்டார். அவர் கள்ளமில்லாமல்தான் கேட்டார்.

மூப்பர் கையில் இருந்த தாளை மடித்தார். "அது... உள்ளுக்குள்ளை சொல்லுவன் சுவாமி" என்றார். சுவாமியார் தலையாட்டிவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். அன்றைக்குச் சனம் ஒரு சொல் விடாமல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாம் விளங்கியது. மூப்பர் சொன்ன ஒவ்வொரு பதிலும் விளங்கியது. அதில் எவருடைய பிள்ளையின் காய்ச்சலும் இல்லை, எவருடைய வலையும் இல்லை.

அந்த மாதம் முழுக்கக் கரையில் அதுதான் கதை. மீனைத் தரம் பிரிக்கிற இடத்தில், கிணற்றடியில், மீன்வாடிகளில், மூப்பர் கிட்ட வந்ததும் பேச்சு நின்றுவிடும். "இத்தனை வருசம் பாரைமீனும் கொடுவாயும் வாங்கித் தின்ற ஆள், சொன்னாரோ இல்லையோ ஆருக்குத் தெரியும்" என்று ஒருத்தி வேலிக்கு அப்பால் சொன்னது அவருடைய காதிலேயே விழுந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனுசனுக்குத் தன்னை ஊர் சந்தேகப்படுவது தாங்க முடியவில்லை. பொத்திய வலையையே நூலை அறுத்துத் திரும்பவும் பொத்திக்கொண்டிருந்தார்.

"எழும்பி நிண்டு சொல்லுங்கோவன், நான் சொன்னனான் எண்டு" என்றாள் அற்புதம்.

"ஆர் நம்புவினம்?"

"நீங்கள் ஒருத்தரையும் நம்பினதில்லை. அதுதான் உங்களுக்கு இப்பிடித் தோணுது" என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போனாள்.

அடுத்த பூசைக்கு மூன்று நாள் இருக்கையில் கச்சான் எழும்பியது. கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று, பாய் கட்டிய வள்ளத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். கடலுக்குப் போன வள்ளங்கள் ஒவ்வொன்றாக அன்று இருட்டுமுன் வந்து சேர்ந்தன. ஒன்று வரவில்லை. அதில் போனவர்கள் இரண்டு பெடியன்கள். ஒருவன் புனிதத்தின் மகன் மரியநேசன். தகப்பனைக் கொண்டுபோன கடலுக்கு அவனை விடமாட்டேன் என்று புனிதம் அவனைக் குடியேற்றத்தில் அருவிவெட்டு, சூடுமிதிப்பு என்று வயல்வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்த வருசம்தான், அவன் பிடித்த பிடியில் நின்றதால், மனசில்லாமல் விட்டாள்.

வெள்ளி போயிற்று. சனிக்கிழமை பின்னேரம், வழக்கமாகப் பேர் கொடுக்கிற நேரம், மூப்பரின் முற்றத்துக்கு எவரும் வரவில்லை. புனிதம் மட்டும் வந்தாள். அழுது வீங்கிய முகம் அல்ல. மீன்சந்தையில் பேரம் பேச வருகிறவனை எடைபோடுகிற முகம். கதிரையை அற்புதம் இழுத்துப் போட்டும் அவள் உட்காரவில்லை.

"மூப்பர், ஒண்டு கேக்க வந்தனான். நெஞ்சைத் தொட்டுச் சொல்லவேணும்."

"கேள் பிள்ளை."

"அண்டைக்கு நான் என்ரை மனுசன்ரை பேரை உங்களிட்டைத் தந்தனான். நீங்கள் பூசையிலை அதைச் சொன்னீங்களோ, இல்லையோ?"

மூப்பருக்குக் கோபம் தலைக்கேறியது. அரையில் கிடந்த நூலில் கை போயிற்று. சொன்னேனடி, நீ விட்ட பிறகும் ஒன்பது வருசமாக விடாமல் சொன்னேன், இந்தா முடிச்சு என்று எடுத்து அவள் முகத்துக்கு முன்னால் நீட்டுவதற்கு வாயைத் திறந்தார். ஆனால் புனிதம் முடித்திருக்கவில்லை.

"நீங்கள் சொல்லியிருந்தா, நான் நாளைக்குக் கோயிலுக்கு வரமாட்டன். ஒருக்காக் கேட்டு இல்லையெண்டு சொன்ன ஆண்டவரிட்டை, பிள்ளைக்காக ரெண்டாந்தரம் போய் நிண்டு என்ன கிடைக்கப் போகுது? இந்த ஒன்பது வருசமும் அதுதான் நான் வாயைத் திறக்கேல்லை. ஆனா சனம் சொல்லுற மாதிரி, நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தா..." அவளுடைய குரல் அங்கேதான் கொஞ்சம் உடைந்தது. "அப்ப அவர் இல்லையெண்டு சொல்லேல்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. அது வேற கதையெல்லோ மூப்பர்?"

மூப்பர் நூலிலிருந்து கையை எடுத்தார். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. அவருடைய பேரைக் காப்பாற்றுகிற பதில் எதுவோ, அது அவளுடைய வாயைப் பூட்டிவிடும். அவளுடைய வாயைத் திறக்கிற பதில் எதுவோ, அது அவரை ஊருக்கு முன்னால் கள்ளனாக்கிவிடும். புனிதத்தின் கண் அவருடைய முகத்தை விட்டு அசையவில்லை. சந்தேகத்தோடு பார்ப்பது என்றால் என்ன என்று தன் வாழ்நாளில் முதன்முறையாக எதிர்ப்பக்கத்தில் இருந்து அவர் பார்த்தார்.

"சொல்லேல்லை" என்றார்.

குசினி வாசலில் நின்ற அற்புதத்தின் கையில் இருந்த அகப்பை கீழே விழுந்தது.

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும் சொல்லேல்லை. எனக்கு இலத்தீன் தெரியாது புனிதம். வாய்க்குப் பாடம், அவ்வளவுதான். ஒருத்தற்றை பேரையும் நான் சொல்லேல்லை."

புனிதம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். துப்புவாள் என்று நினைத்தார், துப்பவில்லை. "உங்களை நம்பித் தந்தன்" என்று மட்டும் சொன்னாள். திரும்பிப் போகும்போது அவளுடைய நடையில் வேகம் இருந்தது. அவள் படலையைத் தாண்டும் வரை பொறுத்திருந்த அற்புதம், "உங்களுக்கு விசரே? ஏன் பொய் சொன்னனீங்கள்?" என்று பாய்ந்தாள்.

"நீ பேசாமல் இரு" என்றார் மூப்பர். "ஆரிட்டையும் வாய் திறக்கக்கூடாது. அந்தோனியாராணைச் சொல்லிப்போட்டன்."

பொழுது சாய்வதற்குள் விசயம் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. மூப்பருடைய முற்றத்தைக் கடந்து போனவர்கள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கொள்ளாத சனம். பெருநாளுக்கும் அப்படி வந்ததில்லை. மூப்பர் மணியை அடித்துவிட்டு, பீடத்துப் பக்கம் போகத் துணிவில்லாமல், பின்சுவரோடு ஒதுங்கி நின்றார். பக்கத்தில் நின்றவன் அரையடி தள்ளி நின்றுகொண்டான். பிலேந்திரன் சுவாமியாருக்கு ஒன்றும் தெரியாது. மோட்டார் சைக்கிள் மணலில் புதைந்து, பிந்தி வந்து, அவசர அவசரமாக உடுப்பு மாற்றிக்கொண்டு பூசையைத் தொடங்கினார். மன்றாட்டு வந்தது. போன முறை போலவே கையை விரித்தார். இந்த முறையும் ஒருவரும் எழும்பப் போவதில்லை என்று அவருடைய முகமே சொன்னது.

புனிதம் எழும்பினாள்.

"ஆண்டவரே, நான் புனிதம், சந்தியாப்பிள்ளையின்ரை பெண்சாதி" என்று தொடங்கினாள். சந்தையில் கூறு போட்டு விற்கிற அதே குரல். கூரையில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. "ஒன்பது வருசம் உம்மிலை கோவிச்சுக்கொண்டு இருந்தனான். நான் கேட்டது உமக்கு வந்து சேரேல்லையாம், நேற்றுத்தான் எனக்குத் தெரியும். அது உம்மடை பிழை இல்லை. இண்டைக்கு இடையிலை ஆளில்லை, நானே வந்து நிக்கிறன். என்ரை பிள்ளை மரியநேசன் கடலிலை நிக்கிறான். சிவப்புப் பாய் கட்டின வள்ளம். அவனோடை இன்னொருத்தி பெத்த பிள்ளையும் நிக்குது. காத்தும் உம்மடை, கடலும் உம்மடை. ரெண்டு பேரையும் கொண்டுவந்து கரையிலை விடும். நீர் விடுவீர். எனக்குத் தெரியும் நீர் விடுவீர்."

பிறகு, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் சொன்னது. சொன்னது என்றால், கரைவலையின் மடி கரைக்குக் கிட்ட வரும்போது எல்லாரும் சேர்ந்து ஒரு சத்தம் போடுவார்களே, அந்தச் சத்தம். அவள் உட்காருமுன் சீமாம்பிள்ளை எழும்பிவிட்டான். அவனுக்குப் பின்னால் பின்வரிசைக் கிழவி. இத்தனை வருசமும் தாங்கள் கேட்டதொன்றும் மேலே போகவேயில்லை என்று தெரிந்த சனம் அல்லவா. பழைய காய்ச்சல், புதுக் காய்ச்சல், மகளுடைய கலியாணம், மருமகளுடைய வயிறு, எல்லாவற்றையும் ஆளுக்காள் முந்திக்கொண்டு, தங்கள் தங்கள் வாயால், வெட்கமில்லாமல் கேட்டார்கள். சிலர் அழுதார்கள். ஒருத்தன் கடவுளை "ஐயா" என்று கூப்பிட்டான். சுவாமியார் பீடத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, கண் கலங்க நின்றார். போன மாதப் பிரசங்கம் நன்றாய் வேலை செய்திருக்கிறது என்று அவர் நினைத்தார்.

பின்சுவரோடு நின்ற மூப்பரும் ஒவ்வொரு மன்றாட்டுக்கும் பதில் சொன்னார். ஆனால் மற்றவர்களுக்கு இருந்த துணிவு அவருக்கு இல்லை. கோயில் முழுவதிலும், அற்புதத்தை விட்டால், அவர் ஒருவருக்குத்தான் தெரியும், சந்தியாப்பிள்ளைக்காகக் கேட்கப்பட்டது, திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது, கிடைக்கவில்லை. அவள் "நீர் விடுவீர்" என்று சொன்னபோது அவர் அவளைப் பார்க்காமல் பீடத்தைப் பார்த்தார். விடாவிட்டால்? ஊரில் எவரையும் நம்பாத மனுசன், மேலே இருக்கிறவரையும் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடுதான் அன்றைக்குப் பார்த்தார். எனக்குத் தராவிட்டால் பரவாயில்லை, இவளை ஏமாற்றிப்போடாதேயும் என்று கேட்டார். அரையில் இருந்த நூலில் இன்னொரு முடிச்சும் போட்டார்.

பூசை முடிந்ததும் சுவாமியார் அவரைத் தேடி வந்தார். "பாத்தீங்களோ மூப்பர், எங்கடை சனம் செபிக்கப் பழகிட்டுது."

"ஓம் சுவாமி" என்றார் மூப்பர். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "நல்லதுக்குச் சொன்ன பொய்யும் பாவமோ சுவாமி?" என்று கேட்டார்.

"பொய் பொய்தான் மூப்பர். ஏன், ஆர் என்ன பொய் சொன்னது?"

இந்தப் பெடியன் வாயைக் கட்டிக்கொண்டிருப்பானோ என்று மூப்பர் அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்டுமில்லைச் சுவாமி" என்று சொல்லிவிட்டு மெழுகுதிரிகளை அணைக்கப் போனார்.

திங்கட்கிழமை ஒன்றும் இல்லை. புனிதம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. வருவான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். மூப்பர் தூரத்தில் நின்று அவளையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் செய்தி வந்தது. பாய்மரம் முறிந்து வெளியே இழுபட்டுப் போன வள்ளத்தை, வல்வெட்டித்துறைப் பக்கம் போன ஒரு சரக்கு வத்தை கண்டு, பெடியன்கள் இரண்டு பேரையும் ஏற்றி, திரும்பி வரும் வழியில் முல்லைத்தீவில் இறக்கிவிட்டிருந்தது. தோல் உரிந்து, உதடு வெடித்து, ஆனால் உயிரோடு. கரையே ஓடியது. மணியை அடிக்க ஆள் தேடவில்லை; கரையில் விளையாடிய சின்னப் பெடியன்கள் தாங்களே போய் அடித்தார்கள்.

மூப்பர் போகவில்லை. முற்றத்துப் பூவரசுக்குக் கீழே இருந்து அரையில் இருந்த நூலை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை போட்ட முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி அவிழ்த்தார். அந்த நேரம் அவர் சந்தோசப்பட்டார், அதில் சந்தேகமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லை" என்று மேலே பார்த்து ஒரு சொல் சொன்னார். சொல்லேல்லை என்ற ஒரு சொல்லால் தன் மதிப்பைக் கொடுத்தது வீண்போகவில்லை என்று நினைத்தார்.

வெயில் தாழ்ந்ததும் புனிதம் வந்தாள். மகனுக்குக் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு நேரே வந்திருந்தாள். முகம் கழுவி, தலை வாரி, ஒன்பது வருசத்தில் அவர் காணாத ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வந்திருக்கிறாள் என்று மூப்பர் நினைத்தார். எழும்பி நின்றார்.

"கேட்டாத் தாறார் மூப்பர்" என்றாள் புனிதம். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "ஒரே ஒருக்காத்தான் கேட்டனான். உடனை தந்திட்டார்."

"ஓம் பிள்ளை."

"நீங்கள் அண்டைக்கு அந்தப் பேரை ஒருக்காச் சொல்லியிருந்தா, என்ரை மனுசனும் வந்திருப்பார்."

வாசலில் நின்ற அற்புதம் வாயைத் திறந்தாள். மூப்பர் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி அவளை மறித்தார். மற்றக் கைக்குள் நூல் இருந்தது, அதில் சந்தியாப்பிள்ளையின் முடிச்சு ஒன்பது வருச வியர்வையில் இறுகிக் கல்லாய்க் கிடந்தது. அந்தக் கையை அவர் விரிக்கவில்லை.

"ஓம் பிள்ளை" என்றார். "வந்திருப்பான்."

அவள் போனாள். மூப்பர் அப்படியே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அற்புதம் தேத்தண்ணி கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தாள். சீனி போட்டாயோ என்று அவர் கேட்கவில்லை.